புது வருடத்துக்கு ஒரு சின்னப் பிடிப்பு: அலட்டிக்கொள்ளாமல் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. முதல் பக்கத்தில் பன்னிரண்டு தீர்மானங்கள், மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட அடிக்கோடு. ஜனவரி 1, 2, 3 எல்லாம் ஓரம் வரை எழுத்து. 6-ஆம் தேதி நாலு வரி. 9-ஆம் தேதிப் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த மூன்று சுழி மட்டும். அதற்கப்புறம் டிசம்பர் வரை வெள்ளைத் தாள்.

ரொம்ப நாள் அந்தச் சுழிகளைப் பார்த்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. தப்பு சோம்பேறித்தனத்தில் இல்லை, அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட எனக்கு உள்ளே இருந்து வந்தது இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. எல்லாம் யாரோ செய்வதைப் பார்த்து, நாமும் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று எடுத்து ஒட்டியவை.

இந்த வழிகாட்டி தீர்மானம் போடுவதைப் பற்றியது இல்லை. ஒரு பிடிப்பைத் தேடுவதைப் பற்றியது. பிடிப்பு என்று நான் சொல்வது, காலையில் கண் விழிக்கும்போது ‘இன்றைக்கு அது ஒன்று இருக்கிறதே’ என்று மனசு ஓரமாக நினைத்துக்கொள்கிற அளவுக்கான ஒரு சின்ன விஷயம். வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றுவதற்கு இங்கே எதுவும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தவரை அந்த விஷயம் பெரும்பாலும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, போன வருடத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது, நாம் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1. முதல் வாரத்தைச் சும்மா விடுங்கள்

ஜனவரி 1 அன்று எதையும் முடிவு செய்யாதீர்கள். தூக்கம் சரியாக இருக்காது, வாழ்த்துச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும், சுற்றி எல்லாரும் எதையோ ஆரம்பித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் நம்முடைய குரல் நமக்கே கேட்காது.

தாமதமாகிவிடுமே என்று பதறுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்தத் தேதி ஒன்றும் வானத்தில் எழுதி வைத்தது இல்லை. ரோமர்களின் பழைய நாட்காட்டியில் வருடம் மார்ச்சில்தான் பிறந்தது, அதனால்தான் ‘ஏழாவது’ என்று பொருள்படும் செப்டம்பர் இன்றைக்கும் ஒன்பதாவது மாதமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1751 வரைக்கும் சட்டப்படி புது வருடம் மார்ச் 25-ல் தொடங்கியது, 1752-லிருந்துதான் ஜனவரி 1. ஆக நீங்கள் மார்ச்சில் தொடங்கினாலும் துணைக்குப் பழைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் தேதிக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் எடை குறைப்பைப் பற்றித் தேடுவதும் வருடப் பிறப்பில் மட்டும் இல்லாமல், வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும்கூடக் கூடுகிறது என்று காட்டினார்கள். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுப் பக்கம் திருப்பிய உணர்வு வருகிறது, அது ஒரு தள்ளு தள்ளுகிறது. சந்தோஷமான விஷயம் என்னவென்றால் அந்தத் தள்ளு வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் கிடைப்பது இல்லை, திங்கட்கிழமைதோறும் வருகிறது.

2. போனைத் திறந்து போன வருடத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து, போன ஜனவரிக்குப் போய், அங்கிருந்து மாதம் மாதமாக முன்னோக்கி வாருங்கள். வேகமாக ஓட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும், போனிலேயே குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், குறிக்கப் போய் வேறெங்கோ போய்விடுவீர்கள்.

விசேஷங்கள், கூட்டமாக நின்று எடுத்தவை, யாரோ அனுப்பியவை எல்லாவற்றையும் தாண்டி விடுங்கள். அவை எல்லாருக்கும் இருக்கும். நீங்கள் தேடுவது, யாருக்கும் காட்டாத, எதற்கு எடுத்தோம் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாத படங்களை. ஒரு சுவரில் விழுந்த வெயில். பாதி கட்டிய படிக்கட்டு. ஒரு பூனையின் முதுகு. அப்படி ஒன்று வந்தால் நிறுத்தி, மாதத்தையும் என்ன படம் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஏன் எடுத்தேன் என்று ஆராய்ச்சி செய்யாதீர்கள். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

நான் முதல் தடவை இதைச் செய்தபோது தாளில் இருபத்தாறு வரி சேர்ந்தது. பிப்ரவரியில் ஒரு கடைப் பலகை, மேலே பூசிய வெள்ளை உரிந்து அடியில் இருந்த பழைய நீல எழுத்து எட்டிப் பார்க்கிறது. மே மாதம் ஒரு லாரியின் பின்பக்கம். ஆகஸ்டில் மறுபடி ஒரு பலகை, அதில் ‘ழ’ மட்டும் தனியாகத் தெரிகிற மாதிரி நெருங்கிப் போய் எடுத்திருக்கிறேன்: வளைவை முடிக்கிற இடத்தில் எழுதியவர் தூரிகையைச் சட்டென்று தூக்கியிருக்கிறார், பெயின்ட் மூன்று மயிரிழையாகப் பிரிந்து நிற்கிறது. இருபத்தாறில் பதினான்கு படம் கையால் எழுதிய எழுத்துகள். வருடம் முழுக்க நின்று நின்று எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாது! அந்த வருடத் தொடக்கத்தில் நான் போட்ட தீர்மானம் எது தெரியுமா, ஓடுவது.

படம் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நம்மைக் காட்டிக்கொடுக்க வேறு இடங்கள் நிறைய உண்டு. பிறகு பார்க்கலாம் என்று சேமித்து வைத்த வீடியோக்கள், நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், இரவு பதினொரு மணிக்குத் தேடிய தேடல்கள், நண்பர்களுக்கு நாமாக அனுப்பிய இணைப்புகள். என் தோழி ஒருத்தியின் போனில் நல்ல படம் என்று ஒன்றுகூட இல்லை, வெறும் ஸ்கிரீன்ஷாட். அதில் பாதி வரைபடம்: ரயில் தடம், மலையேறும் பாதை, அவள் போகவே போகாத ஊர்களின் தெருக்கள். வழி தொலைந்துவிடக் கூடாது என்று எடுத்தேன் என்றாள். போகாத ஊருக்கு என்ன வழி தொலைவது என்று கேட்டேன், அதற்கு அவளிடம் பதில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. போன வருடம் மோசமாக இருந்திருந்தால், இழப்போ நோயோ பிரிவோ நடந்திருந்தால், இந்தப் படியை இப்போது செய்ய வேண்டாம். கடைசி இரண்டு மாதத்தை மட்டும் பாருங்கள், அல்லது அதற்கு முந்தைய வருடத்துக்குப் போங்கள். சில மாதங்களைத் திறக்காமல் விடுவது தப்பே இல்லை.

3. எது திரும்பத் திரும்ப வருகிறது?

தாளை இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். புதுக் கண்ணோடு பார்த்தால் மூன்று நான்கு வரிகள் ஒரே குடும்பமாகத் தெரியும். அவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

குடும்பம் எப்போதும் பொருளாக இருக்காது. மரம், மேகம், ஜன்னல் என்று வேறு வேறாக இருக்கும், ஆனால் எல்லாம் தனியாக இருக்கும்போது எடுத்தவையாக இருக்கும். அப்போது உங்களை இழுப்பது மரமும் இல்லை மேகமும் இல்லை, தனிமை. அல்லது எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் கை வேலை செய்துகொண்டிருக்கும். இது பிடிபடச் சற்று நேரம் ஆகும், பரவாயில்லை.

எதுவும் பிடிபடவில்லையா? வெளியே போய் இருபது நிமிடம் நடங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. இதைச் சும்மா சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மரிலி ஒப்பெட்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்துகொண்டிருந்தவர்களுக்குப் புது யோசனைகள் கணிசமாக அதிகம் வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அதே பலன். ஆகவே அழகான பூங்கா கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. இருக்கிற தெரு போதும்.

4. ‘கூடாது’ என்று முடியும் வரியை அடித்துவிடுங்கள்

இப்போது வட்டம் போட்டதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இங்கேதான் பழைய புத்தி எட்டிப் பார்க்கும். ‘இனிமேல் போனை நோண்டக் கூடாது’, ‘நேரத்தை வீணாக்கக் கூடாது’ என்று கை தானாக எழுதும்.

ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியானது. எதையாவது விட வேண்டும் என்று நினைத்தவர்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர்தான் வென்றதாகச் சொன்னார்கள். எதையாவது செய்ய வேண்டும், எதையாவது நோக்கிப் போக வேண்டும் என்று நினைத்தவர்களில் அது கிட்டத்தட்ட 59 சதவீதம். விட நினைப்பது நாள் முழுக்க நம் கண்முன்னாலேயே நிற்கும் என்பதுதான் என் அனுபவம், அதை நினைக்காமல் இருக்க அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் வாக்கியம் ஒன்றை நோக்கிப் போகட்டும். என்னுடையது: ‘எழுத்துகளை நானும் கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.’ தோழியுடையது: ‘நான் நடக்கிற தெருக்களை வரைந்து வைக்க வேண்டும்.’ இரண்டிலும் எவ்வளவு, எத்தனை நாளில், எந்த அளவுக்கு நன்றாக என்பது இல்லை பாருங்கள். வேண்டுமென்றேதான் விட்டது. எண்ணைச் சேர்த்த அன்றைக்கே அது வேலையாகிவிடும்.

5. சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக்குங்கள்

சரி, எண் வேண்டாம் என்றேனே, அப்படியானால் செய்வது எப்படி? ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். அது ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், காய்ச்சல் விட்ட மறுநாள்கூடச் செய்ய முடிய வேண்டும். வெளியே சொன்னால் ‘இவ்வளவுதானா?’ என்று ஒருவராவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்னும் குறையுங்கள்.

எனக்கு அது ஒரு எழுத்து. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தமிழ் எழுத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தட்டைத் தூரிகையால். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. வருடத்துக்கு 365 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது 118 நாள் லீவு எடுக்கலாம் என்று வந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தாராளமான திட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் இதை எங்கே சொருகுவது என்பது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது, அது எல்லாருக்கும் தெரியும். பீட்டர் கால்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து சொன்ன எளிய வழி ஒன்று உண்டு: இது நடந்தால் அதைச் செய்வேன் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைப்பது. ‘ராத்திரி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டதும் மேசையில் உட்கார்ந்து ஒரு எழுத்து.’ தாழ்ப்பாள் எப்படியும் போடத்தான் போகிறேன். அதன் சத்தமே எனக்கு நினைவூட்டல், போனில் மணி வைக்கத் தேவையில்லை.

சாமான்கள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். தூரிகையை அலமாரிக்குள் வைத்த வாரம் நான் ஒரு நாள்கூட எழுதவில்லை. புதிதாக நிறைய வாங்கவும் வேண்டாம். விலை உயர்ந்த நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே பிப்ரவரி வந்துவிடும்.

6. அவ்வப்போது தீனி போடுங்கள்

தினமும் செய்வது மட்டும் போதாது, மூன்று வாரத்தில் அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிடும். ஆசையை உயிரோடு வைக்க வெளியிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், முடிந்தால் தனியாக, நம் விஷயம் இருக்கிற இடத்துக்குப் போய் வர வேண்டும். நான் வாரம் ஒரு தெருவுக்குள் பலகை பார்க்கப் போவேன். ஒரு தடவை ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கீழே நின்று அரை மணி நேரம் பார்த்தேன். கோடு போடும்போது மூச்சை அடக்கி, தூரிகை சுவரை விட்டுக் கிளம்பியதும் விடுகிறார். கீழே இறங்கியதும், ‘என்ன தம்பி, பிழை கிழை இருக்கா?’ என்று கேட்டார். அவருக்கு நான் பாடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பது தெரியவில்லை. அன்றிலிருந்து மூச்சை அடக்கித்தான் எழுதுகிறேன்.

திரையில் பார்ப்பதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, நீங்கள் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. உலகத்திலேயே நன்றாகச் செய்கிறவர்களின் வீடியோவை முதல் இரண்டு மாதம் பார்க்காதீர்கள். நாற்பது வருடம் பழகியவர் முப்பது விநாடியில் முடிப்பதைப் பார்த்துவிட்டு நம் தாளைத் திரும்பிப் பார்த்தால் மனசு விட்டுப்போகும்.

யாரிடமாவது சொல்லலாமா? ஒருவரிடம் சொல்லுங்கள், ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்காத ஒருவராகப் பார்த்து.

7. விட்டுப்போகும் நாட்கள்

விடும். உறுதியாக விடும். அதைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அதன் வேர் 1960-ல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் எழுதியது, அறுவைக்குப் பிறகு தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று கவனித்தார். மூக்கு பழகுவதும் பழக்கம் வருவதும் ஒன்றா? லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை.

பாதிப்பு வருவது அடுத்த நாள் நம்மை நாமே திட்டிக்கொள்வதால்தான். திட்டினால்தான் திருந்துவோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கலிபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை: கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், உன்மேல் நீயே கடுமையாக இருக்காதே, இது எல்லாருக்கும் கடினமாகத்தான் இருந்தது என்று கேட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

நடைமுறைக்கு இரண்டு சின்ன விதி வைத்திருக்கிறேன். விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்வது கிடையாது, ஒரு நாளைக்கு ஒன்றுதான், இல்லாவிட்டால் அது கடன் மாதிரி ஏறும். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணுவதும் கிடையாது. இதுவரை மொத்தம் எத்தனை என்று மட்டும் எண்ணுவேன். தொடர்ச்சி ஒரே நாளில் பூஜ்யமாகிவிடும், மொத்தம் ஒருநாளும் குறையாது.

8. இரண்டு மாதம் கழித்து ஒரு கேள்வி

மார்ச் தொடக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து யோசியுங்கள்: இதைச் செய்யாத நாளில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதா? ஆமாம் என்றால் அப்படியே போகட்டும், கூட்டத் தேவையில்லை. இல்லை என்றால் வருத்தப்படாமல் விட்டுவிட்டு, அந்தத் தாளை மறுபடி எடுத்து அடுத்த வட்டத்தைப் பாருங்கள். என் தோழி தெரு வரைவதை ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டாள். இப்போது தெருப் பெயர்கள் எப்படி வந்தன என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுகிறாள், வரைவதைவிட அதில்தான் அவள் முகத்தில் வெளிச்சம் தெரிகிறது.

ஒன்றைக் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள். பிடித்த எதிலுமே வாரக்கணக்கில் மனசு ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எழுந்திருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் இந்த மாதிரி வழிகாட்டிகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். வெறும் களைப்புதான் என்றால் முதலில் தூங்குங்கள், தாளும் பேனாவும் பிப்ரவரியில் இருந்தாலும் அதே தாளும் பேனாவும்தான்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரி 12-ஆம் தேதி ‘அ’ எழுதித் தொடங்கினேன். டிசம்பர் 31 வரைக்கும் 354 நாள், எழுதியது 200. தாராளமாகக் கொடுத்த லீவையும் தாண்டி 154 நாள் விட்டிருக்கிறேன். ஜூனில் மட்டும் பத்தொன்பது நாள். உயிர், ஆய்தம், மெய், அப்புறம் க-விலிருந்து வரிசையாக உயிர்மெய் என்று போனால் இருநூறாவது எழுத்து எது என்று நான் முன்னால் கணக்குப் பார்க்கவே இல்லை. தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து தாளைத் திருப்பினால், ‘ழ’. கடைசி வளைவில் தூரிகையைச் சட்டென்று தூக்கினேன். மூன்றாகப் பிரியவில்லை, இரண்டாகத்தான் பிரிந்தது. இன்னும் 47 பாக்கி, நாளைக்கு ‘ழா’.